மின்னல் ஆட்டக்காரனின் பலமும் குறையும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சதுரங்கம். அதிலும் குறிப்பாக, கணினித் திரையிலும் கைத்தொலைபேசியிலும் சில நிமிடங்களுள் ஆடி முடிக்கப்படும் மின்னல் சதுரங்கம். ஒரு சமய மன்றத்தின் மேடையில் விளையாட்டுக்கு என்ன வேலை என்று பெரியோர் சிலர் நினைத்தல் கூடும். அதற்கு நமது விடை இதுவே. நம் இளைஞருள் பலர் மாலைப் பொழுதைக் கடற்கரையிலே கழித்த காலம் போய், இரவு பன்னிரண்டு மணிக்கும் கைத்தொலைபேசியின் வெளிச்சத்திலே முகம் தெரிய உட்கார்ந்திருக்கும் காலம் வந்துவிட்டது. அவர்களுள் ஒரு பகுதியினர் அங்கே சதுரங்கம் ஆடுகின்றனர். பெற்றோர் அந்தக் கருவியைப் பறிப்பதா, அன்றிப் பக்கத்திலே உட்கார்ந்து பார்ப்பதா என்பது இன்று பல வீடுகளில் எழுந்துள்ள கேள்வி. அதற்கு விடை காண வேண்டுமாயின், அந்த ஆட்டத்திலே மேன்மை எது, ஆபத்து எது என்று முதலில் அறிதல் வேண்டும்.

முதலில் மின்னல் ஆட்டம் என்பது யாது? பழைய முறைச் சதுரங்கத்தில் ஓர் ஆட்டம் நாலைந்து மணி நேரம் நீளும். பத்து நிமிடத்துக்கு மேல் ஒரு மணிக்குள் ஒவ்வொருவருக்கும் நேரம் கொடுத்து ஆடுவது விரைவு ஆட்டம். பத்து நிமிடமோ அதற்குக் குறைவோ கொடுத்து ஆடுவது மின்னல் ஆட்டம். உலக மின்னல் சதுரங்கப் போட்டியில் ஆளுக்கு 3 நிமிடமும், ஒவ்வொரு நகர்வுக்கும் 2 விநாடி கூடுதலும் கொடுக்கின்றனர். காய் நிலை எவ்வளவு சிறப்பாயிருப்பினும், கடிகாரம் ஓய்ந்தால் தோல்விதான். ஆகவே இதிலே எதிரிகள் இருவர்: ஒருவர் எதிரே இருப்பவர், மற்றவர் கடிகாரம்.

இவ்வகை ஆட்டத்திலே பெயர் பெற்ற ஒரு தமிழ் இளைஞரை எடுத்து, அவருடைய ஆட்டத்தின் பலம் எது, திருத்தம் பெற வேண்டிய இடம் எது என்று ஆராய்வோம். சென்னையைச் சேர்ந்த ரமேஷ்பாபு பிரக்ஞானந்தா 2005ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் திகதி பிறந்தவர். 2016இல், பத்து வயதும் பத்து மாதமும் ஆன நிலையில், அந்நாள்வரை எவரும் பெறாத இளம் வயதில் சர்வதேச மாஸ்டர் பட்டம் பெற்றார். 2018இல் பன்னிரண்டு வயதிலே கிராண்ட்மாஸ்டர் ஆனார். ஆயினும் உலகம் முழுவதும் அவர் பெயர் பரவியது 2022 பெப்ரவரியிலேதான். இணையவழி நடந்த ஏர்திங்ஸ் மாஸ்டர்ஸ் என்ற விரைவுப் போட்டியின் எட்டாம் சுற்றில், கறுப்புக் காய்களுடன் ஆடி, அப்போது உலக வீரராயிருந்த நோர்வே நாட்டு மாக்னஸ் கார்ல்சனை 39 நகர்வுகளில் வென்றார். அன்று அவருக்கு வயது பதினாறு.

இத்தகைய வேகம் எங்கிருந்து வருகிறது? விநாடி நேரத்தில் நல்ல நகர்வைக் காண்பவன் மற்றவரைவிட வேகமாகச் சிந்திக்கிறான் என்று நாம் எண்ணுகிறோம். 1973ஆம் ஆண்டு அமெரிக்காவில் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்னும் இரு அறிஞர் செய்த சோதனை இதற்கு வேறு விளக்கம் தந்தது. உண்மையான ஆட்டமொன்றின் நிலையைச் சில விநாடி காட்டி மறைத்தபோது, வல்லவர் பெரும்பாலான காய்களைத் திரும்ப அதே இடங்களில் வைத்தார். புதியவர் சிலவற்றையே வைத்தார். ஆனால் காய்களைத் தாறுமாறாகக் கலைத்து வைத்துக் காட்டியபோது, வல்லவருக்கும் புதியவருக்கும் இடையே அந்தப் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. அதாவது, வல்லவருடையது பொதுவான ஞாபக சக்தி அன்று. காய்கள் சேர்ந்து நிற்கும் கோலங்கள் ஆயிரக்கணக்கில் அவர் மனத்திலே பதிந்துள்ளன. நம் மீனவர் கடலின் நிறத்தைப் பார்த்த மாத்திரத்தில் மீன் ஓட்டத்தைச் சொல்வது போன்றது அது. விநாடியில் வரும் விடைக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கான பார்வை இருக்கிறது. வேகம் விளைச்சல், உழவு வேறிடத்தில் நடந்திருக்கிறது.

பிரக்ஞானந்தாவுக்கு அந்த உழவைச் செய்வித்தவர் சென்னையில் சதுரங்கப் பள்ளி நடத்தும் கிராண்ட்மாஸ்டர் ஆர். பி. ரமேஷ். காய்களைத் தொடாது, நகர்த்தாது, மனத்துக்குள்ளேயே பல நகர்வுகளை முன்னோக்கிக் கணித்துப் பார்க்கும் பயிற்சியை வற்புறுத்துபவர் அவர். கணிப்பு முறை பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். மெதுவாகச் செய்த இப்பயிற்சியே மின்னல் ஆட்டத்தில் வேகமாக வெளிப்படுகிறது. இளைஞர்கள் இதனைக் கவனித்தல் வேண்டும். மின்னல் ஆட்டம் ஆடி ஆடியே அவர் மின்னல் ஆட்டக்காரர் ஆகவில்லை.

இனி அவருடைய ஆட்டப் போக்கைப் பார்ப்போம். முதற் சிறப்பு, விழுந்த பின் எழும் இயல்பு. 2022 ஆகஸ்டில் அமெரிக்காவின் மியாமி நகரில் நடந்த போட்டியின் கடைசிச் சுற்றில் அவர் மீண்டும் கார்ல்சனைச் சந்தித்தார். விரைவு ஆட்டங்களில் பின்தங்கியிருந்தவர், கடைசி விரைவு ஆட்டத்தை வென்று சமன் செய்து, அதனைத் தொடர்ந்த மின்னல் ஆட்டங்கள் இரண்டையும் வென்றார். கார்ல்சன் மொத்தப் புள்ளியில் முதலிடத்தை ஏற்கெனவே உறுதி செய்திருந்தார் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பிரக்ஞானந்தாவுக்கு இரண்டாம் இடமே கிடைத்தது. ஆயினும் உலக வீரரை அடுத்தடுத்து மூன்று ஆட்டங்களில் வெல்வது சிறு காரியமன்று.

இரண்டாம் சிறப்பு, நெருக்கடியிலே நெஞ்சு கலங்காமை. 2023இல் பாகு நகரில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியின் காலிறுதியில், தம் நாட்டவரும் நண்பருமான அர்ஜுன் எரிகைசியிடம் முதல் ஆட்டத்தைத் தோற்றார். அடுத்த ஆட்டத்தை வென்று சமன் செய்தார். பின்னர் விரைவு ஆட்டங்கள், மின்னல் ஆட்டங்கள் என நீண்டு, ஒரே ஆட்டத்தில் முடிவு காணும் கட்டத்துக்கு வந்தது. அதனை வென்று 5-4 என்ற கணக்கில் முன்னேறினார். 2025 பெப்ரவரி 2ஆம் திகதி நெதர்லாந்தின் வெய்க் ஆன் சே என்னும் ஊரில் நடந்ததும் இத்தகையதே. கடைசிச் சுற்றிலே ஜெர்மனியின் வின்சென்ட் கைமரிடம் நெடுநேரம் போராடித் தோற்றார். அதே நாளில் சிறிது நேரத்தின் பின் குகேசுடன் மின்னல் ஆட்டத்தில் மோத வேண்டியதாயிற்று. முதல் ஆட்டத்திலும் தோல்வி. அடுத்ததில் வெற்றி. மூன்றாவதில் வெற்றி. போட்டியின் முதலிடமும் அவருக்கே ஆயிற்று. களைத்த உடலோடும் தோற்ற மனத்தோடும் இதனைச் செய்தார் என்பதே இங்கு பாராட்டத்தக்கது.

இனிக் குறைகளுக்கு வருவோம். பெரியவர்களைக் குறை சொல்ல நாம் யார் என்று சிலர் கேட்கலாம். குறையைக் காட்டுவது ஆளைத் தாழ்த்துவதன்று. நாம் கற்றுக்கொள்ளக்கூடிய பாடங்கள் வெற்றிகளைவிட அங்கேதான் அதிகம் உள்ளன.

முதலாவது, ஒரு பெருவெற்றி முழுப் போட்டியின் வெற்றி ஆகாது. கார்ல்சனை வென்று உலகை வியக்க வைத்த அதே ஏர்திங்ஸ் போட்டியில், பதினாறு பேருள் முதல் எட்டு இடங்களுக்குள் அவர் வரவில்லை. வலியவரை வென்றார், ஆனால் மற்றச் சுற்றுக்களிலே புள்ளிகள் சிதறிப் போயின. இணையத்தில் ஆடும் நம் இளைஞரிடமும் இக்குறை உண்டு. தன்னைவிட வலியவன் ஒருவனை வென்றதைத் திரைப்படம் பிடித்து நண்பர்க்கெல்லாம் அனுப்புவர். அன்றிரவே ஏழு ஆட்டம் தோற்றதை யாரிடமும் சொல்லார்.

இரண்டாவது, எதிரி தந்த வெற்றியை நம் திறமையாகக் கொள்ளக் கூடாது. 2022 மே மாதம் செசபிள் மாஸ்டர்ஸ் போட்டியில் அவர் கார்ல்சனை மறுபடி வென்றார். ஆனால் அந்த ஆட்டம் சமநிலையை நோக்கிச் சென்றுகொண்டிருந்தபோது, கார்ல்சன் தம் 40ஆம் நகர்வில் குதிரையைத் தவறான இடத்தில் வைத்ததால் கிடைத்த வெற்றி அது. மின்னல் ஆட்டத்திலே இப்படிக் கிடைக்கும் வெற்றிகள் மிகப் பல. அவற்றையெல்லாம் தன் கணக்கில் வரவு வைப்பவன், தன் குறையை என்றும் காண மாட்டான்.

மூன்றாவது, கடிகாரம். அதே 2023 பாகுவில் இறுதிப் போட்டி வரை வந்து, பழைய முறை ஆட்டங்கள் இரண்டையும் கார்ல்சனோடு சமன் செய்தார். முடிவு காண வைத்த விரைவு ஆட்டங்களின் முதலாவதில், வெள்ளைக் காய்களைக் கொண்டிருந்தும், சிக்கலான கட்டத்திலே நீண்ட நேரம் சிந்தித்து, நேரம் குறைந்து, தோற்றார். கிண்ணம் கைவிட்டுப் போயிற்று. வேகமாக ஆடத் தெரிந்தவருக்கும் எங்கே வேகம், எங்கே நிதானம் என்ற பங்கீடு கடினமே. எல்லா நகர்வுக்கும் ஒரே அளவு நேரம் என்பது பிழை. ஒரே நகர்வுக்கு எல்லா நேரமும் என்பதும் பிழை.

நான்காவது, உடலின் எல்லை. மேற்சொன்ன செசபிள் போட்டியில் அனிஷ் கிரியை அரையிறுதியிலே வென்றபோது சென்னையில் நள்ளிரவு கடந்து இரண்டு மணி. காலையிலே பதினோராம் வகுப்புத் தேர்வு. அன்றிரவே சீனாவின் டிங் லிரெனுடன் இறுதிப் போட்டி தொடங்கிற்று. ஈற்றில் முடிவு காண வைத்த மின்னல் ஆட்டத்திலே டிங் வென்றார். தூக்கமின்மையே தோல்விக்குக் காரணம் என்று நாம் தீர்ப்புச் சொல்லவில்லை; டிங் பெரும் வல்லவர், பின்னர் 2023இல் உலக வீரரும் ஆனவர். ஆயினும் இரவெல்லாம் ஆடிக் காலையிலே கல்விக்கூடம் செல்வது அத்தகைய வீரனுக்கே சுமை என்றால், நம் மாணவர் அதனை நாள்தோறும் செய்வது தகுமா?

திரையில் ஆடுவதற்கும் பலகையில் ஆடுவதற்கும் உள்ள வேறுபாட்டையும் சிறிது சொல்ல வேண்டும். திரையில், எதிரி ஆடுமுன்பே நம் அடுத்த நகர்வைப் பதிந்து வைக்கலாம். சட்டவிரோதமான நகர்வைக் கருவியே தடுத்துவிடும். பலகையிலோ காயை நகர்த்திய அதே கையாலேயே கடிகாரத்தை அழுத்த வேண்டும். தொட்ட காயை ஆட வேண்டும். திரையிலே பழகியவர் பலகை முன் வந்ததும் தடுமாறுவது இதனால்தான். மேலும், இணையவழி ஆட்டத்தில் மின்சாரமும் இணைப்பும் மூன்றாம் ஆட்டக்காரராக வந்து நிற்கும். 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் நடந்த இணையவழி ஒலிம்பியாட் இறுதியில், இந்திய அணியின் நிகால் சரின், திவ்யா தேஷ்முக் ஆகியோரின் இணைப்பு அறுந்தது. பின்னர் இந்தியாவும் ரஷ்யாவும் கூட்டாகத் தங்கம் பெற்றதாக அறிவிக்கப்பட்டது. மழைக்கு மின்சாரம் போகும் நம் ஊரவர்க்கு இது புதிய செய்தியன்று.

மின்னல் ஆட்டத்தில் வல்லவனே சதுரங்கத்தில் வல்லவன் என்பது நம் இளைஞரிடையே பரவிய எண்ணம். இதனை மறுக்க ஒரு சான்று போதும். 2024 டிசம்பர் 12ஆம் திகதி சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று பதினெட்டு வயதிலே உலக வீரரான சென்னையைச் சேர்ந்த தொ. குகேஷ், மின்னல் ஆட்டத்தில் பெயர் பெற்றவர் அல்லர். அந்தப் பதினான்காம் ஆட்டம் சமனாகியிருப்பின் விரைவு, மின்னல் ஆட்டங்களால் முடிவு காணப்பட்டிருக்கும். அங்கே டிங்கின் கையே மேலோங்கும் என்று பலரும் கருதினர். ஆதலால் சமநிலை போலத் தோன்றிய முடிவாட்டத்திலும் குகேஷ் ஒரு காலாளின் மேன்மையைப் பற்றிக்கொண்டு, விடாது ஆடிக்கொண்டேயிருந்தார். 55ஆம் நகர்வில் டிங் கோட்டையைத் தவறாக வைத்தார். பட்டம் கைமாறிற்று. தன் குறை எதுவென்று அறிந்தவன், அந்தக் குறை வெளிப்படும் களத்துக்குச் செல்லாமலே வென்ற கதை இது.

மறுபுறத்தில், வேகத்தையே பிறவிக் கொடையாகப் பெற்று, அதனைப் பக்குவப்படுத்தியவரும் ஒருவர் உளர். அவர் விசுவநாதன் ஆனந்த். மயிலாடுதுறையில் 1969இல் பிறந்து, தாயாரிடம் ஆட்டம் கற்று, சென்னையிலே சோவியத் கலாசார நிலையத்தின் தால் கழகத்தில் மின்னல் ஆட்டம் ஆடி வளர்ந்தவர். இளமையில் அவரை மின்னல் சிறுவன் என்றே உலகம் அழைத்தது. ஆனால் பழைய முறை ஆட்டத்திலும் அவர் மின்னல் போலவே ஆடியது குறையாகவும் பேசப்பட்டது. 1991இல் கார்ப்போவிடமும், 1995இல் நியூயோர்க்கில் கஸ்பரோவிடமும் தோற்றார். அவர் வேகத்தைக் கைவிடவில்லை. அதற்கு அடியிலே ஆழ்ந்த ஆயத்தத்தை வைத்துக் கட்டினார். 2007இல் மெக்சிக்கோவில் உலக வீரரானார்; 2008இல் பொன் நகரில் கிராம்னிக்குக்கு எதிராக, தாம் வழக்கமாக ஆடாத தொடக்கங்களை ஆயத்தம் செய்து வந்து வென்றார். 2017இல், நாற்பத்தெட்டு வயதில், உலக விரைவுச் சதுரங்கப் பட்டத்தையும் பெற்றார். இளமையின் வேகம் முதுமை வரை நிலைத்தது, அதற்கு வேர் இருந்தமையால்.

நமது துறைமுகத்தையே பாருங்கள். ஆழ்கடலில் முழு வேகத்தில் வந்த பெருங்கப்பல், உட்துறைமுக வாயிலை அணுகியதும் வேகத்தைக் குறைத்து, வழிகாட்டும் மாலுமியை ஏற்றிக்கொண்டே உள்ளே வருகிறது. வேகமும் வேண்டும், அதனை அடக்கும் இடமும் தெரிதல் வேண்டும்.

இவற்றிலிருந்து நம் இளைஞர்க்கு நாம் சொல்ல விரும்புவன சில.

ஒன்று, பத்து மின்னல் ஆட்டம் ஆடும் நேரத்தில் மூன்று ஆடுங்கள். மிகுந்த நேரத்தில் அந்த மூன்றையும் திரும்பப் பாருங்கள். எங்கே பிழைத்தோம் என்று முதலில் நீங்களே தேடுங்கள். அதன் பின்னரே கணினியைக் கேளுங்கள். விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குச் செய்பவன் கணக்குப் படிப்பதில்லை.

இரண்டு, தொடக்க நகர்வுகளிலே பொறி வைத்து எதிரியை எட்டு நகர்வில் வீழ்த்தும் வித்தைகளை மட்டும் மனனம் செய்யாதீர்கள். அரசனும் காலாளும் மட்டும் எஞ்சும் முடிவாட்டங்களையும், கோட்டை முடிவாட்டங்களையும் கற்றுக்கொள்ளுங்கள். கடைசி இருபது விநாடியிலே கை தானாக ஆட வேண்டிய இடம் அதுவே.

மூன்று, தொடர்ந்து இரண்டு ஆட்டம் தோற்றால் கருவியை மூடிவிடுங்கள். பழிவாங்கும் எண்ணத்தோடு ஆடும் மூன்றாவது ஆட்டம் பெரும்பாலும் நாலாவது தோல்விக்கே வழி. நள்ளிரவில் இழந்த புள்ளியைத் தேடி அலைபவன், மறுநாட் பாடத்தையும் இழக்கிறான்.

நான்கு, இணையத்திலே முகம் தெரியாத எதிரியோடு ஆடும்போது, பக்கத்திலே இன்னொரு கருவியை வைத்து நகர்வைக் கேட்டு ஆடும் இழிசெயலுக்கு ஒருபோதும் இடம் கொடாதீர்கள். யாரும் காணாத இடத்தில் நாம் எப்படி நடக்கிறோம் என்பதே நம் ஒழுக்கத்தின் உரைகல். கோயில் வீதியிலே வளர்ந்த பிள்ளைகளுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஐந்து, உங்கள் பெயருக்கு எதிரே திரையில் தோன்றும் எண் உங்கள் மதிப்பன்று. அஃது அன்றைய ஆட்டத்தின் அளவு மட்டுமே. அது நூறு குறைந்தால் நீங்கள் குறைந்தவர் ஆகிவிடவில்லை. நூறு கூடினால் அண்ணனை அவமதிக்கும் உரிமையும் வந்துவிடவில்லை.

இனிப் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். பிரக்ஞானந்தாவின் தமக்கையார் வைஷாலியைப் பெற்றோர் சதுரங்கத்தில் சேர்த்தது, தொலைக்காட்சி பார்க்கும் பழக்கத்தைக் குறைப்பதற்காகவே. பெட்டியை மூடியதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. அதற்குப் பதிலாக ஒன்றைக் கையிலே கொடுத்தனர். அக்காளைப் பார்த்துத் தம்பியும் ஆடத் தொடங்கினான். தாயார் நாகலட்சுமி அம்மையார் பிள்ளைகளோடு ஊர் ஊராகச் சென்று, வேற்று நாட்டிலும் சோறு சமைத்துக் கொடுத்து, ஆட்ட மண்டபத்தின் ஓரத்திலே காத்திருந்தார். பின்னர் அக்காளும் கிராண்ட்மாஸ்டர் ஆனார். உலகிலே கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் அக்காள் தம்பி அவர்களே. 2024இல் ரொறன்ரோவில் நடந்த தகுதிப் போட்டிகளிலே இருவரும் ஆடினர்.

ஆகவே, பறிப்பதா, பக்கத்தில் உட்காருவதா என்ற கேள்விக்கு நமது விடை, உட்காருங்கள் என்பதே. நாயும் புலியும் ஆடிய பெரியவர்களுக்கு இந்த ஆட்டத்தின் நுட்பம் விளங்க அதிக நாள் செல்லாது. நம் மன்றத்தின் வாசிகசாலையில் வாரத்தில் ஒரு மாலை நான்கு பலகையும் இரண்டு கடிகாரமும் வைப்போமாயின், தனியறையில் முகமறியாதவரோடு ஆடும் பிள்ளை, தன் ஊரவர் முன்னிலையில், தோற்றால் கைகொடுத்து எழும் பழக்கத்தைப் பெறுவான். அந்தக் கைகொடுத்தலைத் திரை கற்பிக்காது. இதற்கு வேண்டிய செலவு மிகச் சிறிது. வேண்டிய மனம்தான் பெரிது. இந்த ஆண்டிலேயே செயற்குழு இதனை ஆராய வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.